பாரம் தாத்தா

பாகான் டத்தோவை யாரும் வழியில் கடந்து போவதில்லை. அங்கே போகிறவர்கள் அங்கே போவதற்காக மட்டும்தான் போகிறார்கள். தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் வந்து, சிம்பாங் அம்பாட்டைத் தாண்டினால், இரண்டு பக்கமும் தென்னையும் செம்பனையும் மாறி மாறி வரும். சாலை அப்படியே போய் ஆற்று முகத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் பேரா ஆறும் மலாக்கா நீரிணையும்தான். பேராவுக்குப் புதிய சுல்தான் வந்தால் அந்த ஆற்று முகத்திலுள்ள பெராஸ் பாசா மணல்திட்டில் கால் பதிக்க வேண்டும் என்பது மரபு. 1528இல் முதல் சுல்தான் முசாபர் ஷா அங்கேதான் கரையிறங்கினார் என்பார்கள். அரச பரம்பரை தொடங்கிய இடத்தில் நமக்குத் தார்ச்சாலை முடிகிறது.

2017இல்தான் பாகான் டத்தோ பேராவின் 12ஆவது மாவட்டம் ஆனது. அதற்கு முன்பு ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து என்றாலும் தெலுக் இந்தானுக்குப் பஸ் ஏற வேண்டும். என் தாத்தாவின் வாழ்க்கையில் பாதி அந்தப் பஸ்ஸில் கழிந்தது. தன் வேலையாகப் போனது குறைவு. மடியில் ஒரு காக்கி உறை இருக்கும், உறைக்குள் யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ் இருக்கும், பக்கத்து இருக்கையில் அந்த யாரோ ஒருவர் இருப்பார்.

ஊரில் அவருக்குப் பெயர் பாரம் தாத்தா. இன்றைய பிள்ளைகள் ‘போராங்’ என்பார்கள், அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்களுக்கு அது பாரம். ‘பாரம் எழுதணும், தாத்தாகிட்டப் போ’ என்பது எங்கள் லயத்தில் ‘காய்ச்சலா, டிரெசர்கிட்டப் போ’ என்பது போன்ற சாதாரணப் பேச்சு. அவர் கிராணி இல்லை, ஆசிரியர் இல்லை, எந்தச் சங்கத்தின் தலைவரும் இல்லை. கொப்பரைச் சூளையில் வேலை பார்த்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். 1936இல் பிறந்து 2019 நவம்பரில் இறந்தார். அவர் போய் மூன்றாண்டு ஆகிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டு அக்கா ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘இப்ப யார்கிட்டக் காட்டுறதுன்னே தெரியல பாப்பா’ என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

கொப்பரைச் சூளை என்றால் இளையவர்களுக்குத் தெரியாது. பாகான் டத்தோ ரப்பர் தேசம் இல்லை. கடலோரச் சேற்று மண். பாரிட் வெட்டி, கரை கட்டி, மதகு வைத்து உப்புத் தண்ணீரைத் தடுத்தால்தான் எதுவும் விளையும். அங்கே தென்னைதான் நின்றது. நீண்ட மூங்கிலின் நுனியில் அரிவாளைக் கட்டிக் காய் பறிப்பார்கள். மண்ணில் நட்ட இரும்புக் கூரில் குத்தி மட்டை உரிப்பார்கள். உடைத்த தேங்காயைச் சூளையில் பரப்பிச் சிரட்டை நெருப்பின் அனலில் காயவைப்பார்கள். தாத்தாவின் சட்டை, புத்தகம், தலைமுடி எல்லாவற்றிலும் அந்தப் புகையும் எண்ணெயும் கலந்த வாசம் இருக்கும். பிறகு தென்னைக்கு அடியில் கொக்கோ வந்தது, கொக்கோ போய்ச் செம்பனை வந்தது, சூளை இடிந்தது. வாசம் மட்டும் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தால் இன்னும் வருகிறது.

அவர் மலாய் கற்றது தனிக்கதை. பக்கத்துக் கம்போங்கில் ஒரு மலாய் ஆசிரியர் இருந்தார். மாலையில் வேலை முடிந்து சைக்கிளில் போய், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். கட்டணம் வாங்க மறுத்த அந்தச் செக்குவுக்கு, தாத்தா அவர் வீட்டுத் தென்னைகளின் காயை மாதம் ஒருமுறை பறித்து உரித்துக் கொடுத்தார். இருபது வயதுக்காரர் மழலை மலாயில் தடுமாறுவதைப் பார்த்துச் செக்குவின் பிள்ளைகள் சிரிப்பார்களாம். ‘சிரிச்சா சிரிக்கட்டும், எழுத்து வந்துச்சில்ல’ என்பார்.

அந்த எழுத்து வந்த நேரம் முக்கியமானது. 1957 ஆகஸ்டு 31. சுதந்திரம் வந்தது, கூடவே குடியுரிமை விதிகளும் வந்தன. அன்றைக்கோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்த குழந்தை பிறப்பாலேயே பிரஜை. அதற்கு முன் பிறந்தவர்கள் மனுப் போட வேண்டும். இத்தனை ஆண்டு இங்கே குடியிருந்தேன் என்று காட்ட வேண்டும், கொஞ்சமாவது மலாய் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. இங்கே பிறந்தவர்களுக்கும், வெளியே பிறந்து 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் மொழித் தேர்வு வேண்டாம். ஓராண்டு என்பது தோட்டத்தில் எவ்வளவு சின்னக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். விடிகாலையில் பெரட்டு, பகல் முழுதும் வேலை, மாதத்துக்கு ஒரு சம்பள நாள். பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும்.

தாத்தா தன் மனுவைத் தானே எழுதினார். அவருடைய முதல் பாரம் அதுதான். பிறகு லயத்தில் இருந்தவர்களுக்கு எழுதத் தொடங்கினார். தன் அப்பாவிடம் மட்டும் தோற்றுப்போனார்.

என் கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். 1957இல் அவருக்கு 47 வயது. மொழித் தேர்வுகூட இல்லை, கைநாட்டு வைத்தால் போதும். அவர் வைக்கவில்லை. ‘துரை கூட்டிட்டு வந்தான், துரைக்குத் தெரியும் நான் யாருன்னு. வெள்ளக் காகிதத்துல எழுதிக் குடுத்தாதான் நான் இருக்கேன்னு அர்த்தமா?’ என்று கேட்டாராம். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தது. இங்கே பிரஜையாகிவிட்டால் அங்கே போக முடியாது என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அந்த ஆண்டு போயிற்று. அவர் கையில் சிவப்பு அடையாளக் கார்டு, மகன் கையில் நீலக் கார்டு. ஒரே லயம், ஒரே அடுப்பு.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நிற வித்தியாசத்தால் ஒன்றும் ஆகவில்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்ய வேலை பெர்மிட் வேண்டும் என்றது. 1969இல் அது தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. தலைமுறைக் கணக்கில் இங்கே மரம் வெட்டியவர்களும் காய் பறித்தவர்களும் திடீரென்று ‘அனுமதி உண்டா’ என்ற கேள்விக்குப் பதில் தேடினார்கள். ஏறத்தாழ 60,000 பேர் அந்த ஓரிரு ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பியதாகச் சொல்லப்படுகிறது. பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போன ‘ராஜூலா’ கப்பலை இன்றைக்கும் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கும் கிழவர்கள் பேராவில் உண்டு. வந்ததும் அதில், போனதும் அதில்.

கொள்ளுத்தாத்தா அப்போது தோட்டத்தில் ஜாகா. பெர்மிட்டுக்கு மனுப் போடலாம் என்று மகன் சொன்னார், கிழவர் கேட்கவில்லை. அறுபது வயதில் யாரிடம் போய் அனுமதி கேட்பது என்ற ரோஷம். 1970இல் கப்பலேறினார். தாத்தா பினாங்கு வரை போய் வழியனுப்பினார். ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜமுக்காளம், இரண்டு டின் மைலோ. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சந்திக்கவில்லை. நாலு வருடம் கழித்து நீலநிற ஏர்மெயில் கடிதத்தில் சாவுச் செய்தி வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது.

இதை எனக்குச் சொன்னது பாட்டி. தாத்தா இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் யாராவது ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம் தாத்தா’ என்று பாரத்தைத் தள்ளிப்போட்டால் அவருக்கு வரும் கோபம் கண்மூடித்தனமானது. ஒருமுறை ஒரு நடுவயதுக்காரர் கள்ளைக் குடித்துவிட்டு வந்து, மகனின் பிறப்பைப் பதிய இன்னும் நாள் இருக்கிறது என்று இழுத்தார். தாத்தா நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்து, ‘இங்க உக்காந்து விடியற வரைக்கும் தெளிஞ்சுக்க, காலைல மொத பஸ்ஸுல போறோம்’ என்றார். அந்த ஆள் உண்மையிலேயே விடியும் வரை உட்கார்ந்திருந்தார். கொசுக்கடியில்.

தொண்டு என்ற சொல்லுக்கு நம் நாட்டில் நீண்ட கதை உண்டு. 1946-47இல் கெடாவின் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக அணிவகுத்தது, போலீசின் அடியையும் வாங்கியது. அது சீருடை போட்ட தொண்டு. தாத்தாவினுடையது சைக்கிள் கிளிப் போட்ட தொண்டு. இரண்டாவது வகைக்கு வரலாற்றுப் புத்தகத்தில் இடம் கிடைப்பதில்லை. பொன்னாடையும் கிடைப்பதில்லை. பொன்னாடை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மேடைக்கு முன்வரிசையில் இருப்பவர்கள் என்பது என் அபிப்பிராயம், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சைக்கிள் கிளிப் என்றதும் அவருடைய இன்னொரு வேலை ஞாபகம் வருகிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தன. பேராசிரியர் உங்கு அசீஸ் அதை ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். துண்டானால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடு போகும், பள்ளி போகும், கோயில் போகும். சுங்கை சிப்புட்டுக்காரரான வீ.தி. சம்பந்தன் அப்போது ம.இ.கா. தலைவர், அமைச்சர். அவர் சொன்ன மருந்து எளிமையானது: தொழிலாளியே தோட்டத்தை வாங்கட்டும். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

பத்து வெள்ளி இன்று பெரிய தொகை இல்லை. நாள் கூலி மூன்று வெள்ளி அளவில் இருந்த காலத்தில் அது மூன்று நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அவர் ரப்பர்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். லயத்து வாசலில் நின்று ‘பத்து வெள்ளி கொடுங்கள்’ என்று கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. ஆனால் அவர் பேசிவிட்டுப் போன பிறகு மாதாமாதம் அந்தப் பத்து வெள்ளியை ஞாபகப்படுத்தி வாங்கிச் சேர்க்க ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஆள் தாத்தா. 24 வயது. சம்பந்தனை அவர் நேரில் பேசிப் பார்த்ததில்லை.

சம்பள நாள் மாலையில் சைக்கிளை எடுப்பார். கள்ளுக்கடைக்கு முன்பே ஆட்களைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஒரு கணக்குப் புத்தகம், ஒரு ரசீதுக் கட்டு, பென்சில். ஒருமுறை மழையில் பாரிட் ஓரத்துப் பலகைப் பாலத்தில் சைக்கிள் சறுக்கி, ஆளும் புத்தகமும் தண்ணீரில் விழுந்தார்கள். சட்டைப் பையில் இருந்த பணம் தப்பியது, புத்தகம் ஊறிப்போனது. அன்றிரவு கொப்பரைச் சூளையின் அனலில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைத்தாராம். பென்சில் எழுத்தானதால் அழியவில்லை. மை பேனாவை அவர் நம்பியதே இல்லை, அதற்கான காரணம் இதுதான். அந்தப் புத்தகம் இன்று என்னிடம் இருக்கிறது. பக்கங்கள் அப்பளம் போல நெளிந்து, பழுப்பேறி, கொப்பரை வாசத்தோடு இருக்கின்றன. பெயர், தொகை, பக்கத்தில் ஒரு குறிப்பு. ‘மகள் சடங்கு, அடுத்த மாதம்.’ ‘கைவிரல் வெட்டு, இரண்டு மாதம் கேட்காதே.’ நான் கோலாலம்பூரில் கணக்காய்வு வேலை பார்க்கிறேன். எத்தனையோ நிறுவனங்களின் பேரேட்டைப் புரட்டியிருக்கிறேன். ‘கேட்காதே’ என்று எழுதிய பேரேட்டை வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டில் அவர் எப்படி? இதையும் சொல்லியாக வேண்டும். பாட்டிக்கு அவருடைய தொண்டில் பெருமை கிடையாது, எரிச்சல்தான். ‘ஊருக்கெல்லாம் பாரம் எழுதுற மனுசன், வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு ஒரு வரி எழுதிக் கிராணிகிட்டக் குடுக்க மாட்டாரு’ என்பார். உண்மை. கூரை பல மழைக்கு ஒழுகியது. ஞாயிற்றுக்கிழமை கறி ஆக்கி வைத்துவிட்டுப் பாட்டி காத்திருக்க, வாசலில் யாராவது உறையோடு நிற்பார்கள். சோறு ஆறிப்போகும். அவர் சம்பாத்தியத்தில் பஸ் கட்டணத்துக்கும் முத்திரைக்கும் போனது எவ்வளவு என்று பாட்டி ஒரு கணக்கு வைத்திருந்தார், மனத்துக்குள். சண்டை வந்தால் அது சென் விடாமல் வெளியே வரும்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கட்சி. அப்பாவும் அம்மாவும் கிள்ளானில் வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தோம். விடியற்காலை மூன்று பேரையும் ஒரே சைக்கிளில், ஒன்று முன் கம்பியில், இரண்டு பின்னால், பள்ளிக்குக் கொண்டுபோய்விடுவார். மழைக்காலத்தில் எங்கள் காலணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்வார். பரீட்சை நாளில் பள்ளி வேலிக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். ‘எதுக்குத் தாத்தா, வீட்டுக்குப் போங்க’ என்றால், ‘பென்சில் ஒடிஞ்சா?’ என்பார். என் தங்கைக்கு இழுப்பு நோய். மூச்சுத் திணறும் இரவுகளில் அவளை மார்போடு அணைத்து, நிமிர்ந்த நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்தபடி தூங்கப் பழகியது அப்படித்தான். கடைசிவரை படுத்துத் தூங்குவதைவிட நாற்காலியில் தூங்குவதுதான் அவருக்கு வசதியாக இருந்தது.

எங்கள் மூன்று பேருடைய சான்றிதழ்களும் ஹப் செங் பிஸ்கட் டின்னில் இருக்கும். தடுப்பூசி அட்டையிலிருந்து ஆறாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு வரை. விடுமுறையில் எங்களை உட்காரவைத்துப் பெரிய எழுத்தில், கட்டத்துக்குள், ஒன்றையொன்று தொடாமல் பெயர் எழுதச் சொல்வார். எங்கள் பெயர் எழுதி முடித்தால் ஊரார் பெயர்.

இதில் அவருக்குப் பித்து என்றே சொல்லலாம். காரணம் இருந்தது. நம் பெயர்கள் ரோமன் எழுத்தில் ஏறும்போது என்ன ஆகிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஐசியை எடுத்துப் பாருங்கள். லெட்சுமி ஓர் இடத்தில் ‘ஐ’யில் முடிவார், இன்னோர் இடத்தில் ‘ஒய்’யில் முடிவார். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முனியாண்டி, கல்யாணப் பதிவில் முனுசாமி. பதிந்தவர் காதில் விழுந்தபடி. ஏ/எல், ஏ/பி மாறிப்போய்ப் பெண் ஆணானதும் உண்டு. உயிரோடு இருக்கும் வரை யாரும் கவனிப்பதில்லை. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கப் போகும்போது, சொக்சோவுக்கு மனுப் போடும்போது, செத்தவரின் நிலத்தைப் பெயர் மாற்றும்போதுதான் அந்த ஓர் எழுத்து எழுந்து நிற்கும். இருவரும் ஒருவரே என்று சத்தியப் பத்திரம் எழுதி, முத்திரை குத்தி, அலைந்து. தாத்தா இதை ‘எழுத்துக் கடன்’ என்பார். எழுதியவன் போய்விடுவான், வட்டியைப் பேரன் கட்டுவான்.

அவருடைய இன்னொரு பிடிவாதம் கல்யாணப் பதிவு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் ஊர் ஒத்துக்கொள்ளும், சட்டம் ஒத்துக்கொள்ளாது. இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவர் நிதானமாக விளக்குவார். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாய் வழியாகத்தான் வரும். அப்பாவின் நீல ஐசி அந்தப் பிள்ளைக்கு உதவாது. தாய்க்குத் தாளே இல்லை என்றால்? பத்திரிகை வைக்க வரும் வீடுகளில் அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘பதிஞ்சாச்சா?’ அதன் பிறகுதான் மாப்பிள்ளை என்ன வேலை என்பது.

தாய்க்குத் தாளே இல்லாத அந்த வீடும் எங்கள் தாமானிலேயே இருந்தது. லயங்கள் இடிந்து நாங்கள் எல்லாரும் மலிவு விலை வீடுகளுக்கு மாறிய பிறகு, வேறொரு தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். தாய் லயத்திலேயே மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்பைப் பதியவில்லை, அவருடைய தாயும் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். ஐசி இல்லாததால் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. கல்யாணம் பதியாததால் 2004இல் பிறந்த மகளின் சான்றிதழில் பிரஜை அல்லாதவர் என்று விழுந்துவிட்டது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாரும் இந்த மண்ணில் உழைத்தவர்கள். பாட்டியின் பிறப்புப் பத்திரத்தில் தொடங்கும் ஓட்டை பேத்தி வரை நனைக்கிறது.

பன்னிரண்டு வயதில் வகுப்பில் எல்லாரும் மைகார்டுக்குப் படம் எடுக்கப் போனபோது அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இருந்தாள். அன்று மாலைதான் அவள் அப்பா தாத்தாவிடம் வந்தார். தாத்தாவுக்கு அப்போது 80 வயது, கண்ணில் புரை எடுத்திருந்தது, சைக்கிளை நாங்கள் பிடுங்கி வைத்திருந்தோம். அவர் பஸ்ஸில் போனார். தாய் படித்த பழைய தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் புத்தகத்தைத் தேடினார். தோட்டத்துச் செக்ரோலில் அந்தப் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்று பழைய கிராணி ஒருவரின் வீட்டுக்குப் போய் விசாரித்தார். பிரசவத்தைப் பார்த்த மருத்துவச்சியின் தங்கை உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சபாக் பெர்ணம் வரை போய் அவரிடம் சாட்சிக் கடிதம் வாங்கினார். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் அப்போது மனுப் போட முடிந்தது. போட்டார். ஒருமுறை நிராகரிப்பு வந்தது, காரணம் எழுதாத ஒரு வரிக் கடிதம். மறுபடி போட்டார்.

மருத்துவமனையில் கடைசி வாரம். என்னிடம் அவர் பேசியது சொத்தைப் பற்றியோ பாட்டியைப் பற்றியோ இல்லை. ‘பச்சைக் கோப்புல பள்ளிக்கூடத்துக் கடுதாசி ரெண்டாவது நகல் இருக்கு. அசல யாருக்கும் குடுத்துடாத. பாக்கணும்னா காட்டு, குடுத்துடாத.’ அவ்வளவுதான். பாட்டியைப் பற்றிச் சொல்லாதது பாட்டிக்கு வருத்தம். ‘என்னைய நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும், அந்தப் புள்ளைய யார் பாப்பாங்கன்னு நெனச்சிருப்பாரு’ என்று பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவர் போன நாலு மாதத்தில், 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பச்சைக் கோப்பு அலமாரியில் இரண்டு வருடம் கிடந்தது. இப்போது அந்தப் பிள்ளைக்கு 18 வயது. ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு துணிக்கடையில் ரொக்கச் சம்பளத்துக்கு நிற்கிறாள். வங்கிக் கணக்கு இல்லை, மோட்டார் லைசென்ஸ் இல்லை, எஸ்.பி.எம். முடித்தும் மேலே விண்ணப்பிக்க வழியில்லை. 21 ஆகிவிட்டால் 15ஏ கதவும் மூடும் என்பது இந்த 2022இன் விதி.

கோலாலம்பூரில் என்னுடன் வேலை செய்யும் வழக்குரைஞர் தோழி ஒருத்தி கோப்பைப் படித்துவிட்டு, ‘இதை யார் தயாரித்தது?’ என்று கேட்டாள். வரிசை எண், தேதி, யாரிடம் எப்போது என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு, எல்லாம் பென்சிலில். ஆறாம் வகுப்பு படித்தவர் என்றேன். அவள் தாய்க்கான காலம் கடந்த பிறப்புப் பதிவை முதலில் எடுக்க வேண்டும் என்கிறாள். சபாக் பெர்ணம் கிழவியின் கடிதம் அங்கேதான் கைகொடுக்கும். மகளின் 15ஏ மனு கூடவே போகும். இரண்டரை வருடம் இருக்கிறது. நம் அலுவலக வேகத்தில் அது அதிகமில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் கடிதம் மின்சாரக் கட்டணப் பாக்கி சம்பந்தப்பட்டது, ஐந்து நிமிட வேலை. போன் செயலியில் கட்டிக்கொடுத்தேன். அடுத்த நாள் காலை வாசலில் மூன்று பேர் உறையோடு நின்றார்கள். ஒருவருக்குச் சேமநிதி, ஒருவருக்குப் பேரனின் பிறப்புப் பதிவு (60 நாளுக்குள் பதிய வேண்டும், 52ஆவது நாளில் வந்திருக்கிறார்), மூன்றாமவர் சும்மா பார்க்க வந்தவர். பாட்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஆரம்பிச்சிருச்சா’ என்று சொல்லித் தேத்தண்ணி போட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தம்பி ஈப்போவிலிருந்து இன்னொரு சனிக்கிழமை வருகிறான். அவனுக்குக் கையெழுத்து மோசம். பாரம் இப்போது கணினியில்தான் என்பதால் பிழைத்தான்.

அந்தப் பிள்ளையை வரும் 14ஆம் தேதி அழைத்துப் போகிறேன். நேற்று போன் செய்தாள். வீட்டு மரத்துத் தேங்காய் பத்துக் கொண்டுவருவதாகச் சொன்னாள். வேண்டாம், பள்ளிக்கூடத்துக் கடிதத்தின் நகலும் அம்மாவின் கிளினிக் அட்டையும் போதும், ஏழு மணிப் பஸ்ஸுக்கு நேரத்தோடு வா என்றேன்.